மூடியில் இருந்த விரிசல்

நவம்பர் 5, செவ்வாய்

இன்று எண்ணெய் ஆலை எடைமேடையில் நாற்பத்தொரு லோரி. செம்பனைக் குலைகள் எல்லாம் நனைந்து வந்தன. மழைக் காலம் தொடங்கிவிட்டது.

ஆலையிலிருந்து வந்ததும் காரைத் துடைத்தேன். வாரத்தில் இரண்டு தடவை துடைக்காவிட்டால் எனக்கு எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். 1966-இல் இங்கிலாந்தில் செய்த கார், என்னைவிட நாலு வயது மூத்தது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு கோழிக் கொட்டகையில் டயர் இல்லாமல் கிடந்ததை வாங்கி வந்தேன். நானும் சுகுமாறனும் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி அதை எழுப்பினோம். சுகுமாறன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். கோல சிலாங்கூரில் சொந்தமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறான்.

அவன் மகள் அன்பரசிக்கு 24-ஆம் தேதி ராசா என்கிற ஊரில் கல்யாணம். பெண் என் காரில்தான் கோயில் மண்டபத்துக்குப் போகிறாள். அவளே வந்து கேட்டாள். "அங்கிள், எல்லாரும் வாடகைக்குப் பெரிய கார் எடுக்கிறாங்க. எனக்கு ஒங்க கார்தான் வேணும். ஓகேயா?" அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

நவம்பர் 6, புதன்

மழை. என் மனைவி லோகா இன்றும் அதிகம் பேசவில்லை.

நவம்பர் 9, சனி

இரவெல்லாம் கொட்டி, காலையில்தான் விட்டது. கார் கிளம்பவில்லை.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. சுற்றிச் சுற்றி பேட்டரிதான் களைத்தது. பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தது. மதியம் வெயில் அடித்த பிறகு ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது, ஒன்றுமே நடக்காதது போல.

என்னவாக இருக்கும்? போன மாதம்தான் சுகுமாறன் பிளக், வயர் எல்லாம் புதிதாக மாற்றிக் கொடுத்தான். கல்யாணத்துக்காக. என்ன வயர் போட்டானோ.

நவம்பர் 10, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் தணியும் என்று எழுதுகிறேன்.

காலையில் ஓட்டிப் பார்ப்போம் என்று செகிஞ்சான் போனேன், மீன் வாங்குகிற சாக்கில். போகும்போது பூ மாதிரி ஓடியது. படகுத்துறை பக்கம் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அடித்தது பாருங்கள் மழை. கடல் எது வானம் எது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், அதே கதை. சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பக்கத்தில் கூட்டம். இரண்டு பேர் படம் எடுத்தார்கள். கடைசியில் ஓர் இழுவை லோரிக்காரர் வந்து என் காரை மேலே ஏற்றிக் கட்டினார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக என் கார் இன்னொரு வண்டியின் முதுகில் ஊர் திரும்பியது. வயல் நடுவே வழி நெடுக எல்லாரும் பார்த்தார்கள்.

நேராக வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சுகுமாறன் சாயங்காலம் தேநீர் குடிக்கிற கடைக்குப் போனேன். அங்கே நம் ஆட்கள் ஏழெட்டுப் பேர்.

"என்ன வயருடா போட்ட? மழ பேஞ்சா செத்துப் போவுது. காசு மிச்சம் புடிக்க என் கார்தான் கெடச்சுதா?" என்றேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "நல்ல வயருதான் கணேசு. நானே பாத்துப் பாத்து மாட்டினேன்."

"நீ பாத்த லட்சணம் செகிஞ்சான் பூரா பாத்துருச்சு."

ஏன் சொன்னேன்? யாரோ சிரித்தார்கள். சுகுமாறன் முகம் கறுத்துவிட்டது. எழுந்து, மெதுவாகத்தான் சொன்னான்: "என் மகளுக்கு ஒன் கார் வேணாம். நான் வேற பாத்துக்கிறேன்."

நவம்பர் 11, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

விடுப்பு எடுத்துக்கொண்டு காரோடு மல்லுக்கட்டினேன். பெட்ரோல் பம்பைக் கழற்றி மாட்டினேன். கார்புரேட்டரைக் கழுவினேன். பழைய பிளக்குகளைத் தேடி எடுத்துத் திரும்பப் போட்டேன். மாலை மழை வந்தது. கார் கிளம்பவில்லை.

லோகா கொடியில் துணி எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"நீங்க தேடல. மாத்திக்கிட்டே இருக்கீங்க" என்றாள்.

"என்ன பெரிய வித்தியாசம்?"

"ஒரே நேரத்துல மூனு சாமான மாத்தினா, எதுனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்? நாளைக்குத் திரும்ப வந்தா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கட்டிய கார், எனக்கே பாடமா? போனட்டைச் சாத்தினேன். ஆனால் படுத்தபோது அந்தக் கேள்வி கூடவே படுத்துக்கொண்டது.

லோகா செரண்டாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். பழுதான மின்சுற்றுப் பலகைகளை வைத்துக்கொண்டு, எந்தப் புள்ளியில் மின்சாரம் நின்றுபோகிறது என்று கண்டுபிடிக்கிற பிரிவு. ஜூனில் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். அதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள். ஓய்வு எடுக்கிறாள் என்று கேட்பவர்களிடம் சொல்லி வந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளாவது அவள் அங்கே என்ன செய்தாள் என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறேனா?

நவம்பர் 13, புதன்

கேட்டேன்.

"பாத்துச் சொல்றியா?" என்றேன். அவ்வளவுதான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தாள். அது வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது.

"எனக்குக் கார் தெரியாது. பேட்டரியில இருந்து பொறி வர்ற வழிய மட்டும் சொல்லுங்க. ஒன்னும் விடாதீங்க."

சொன்னேன். பேட்டரியிலிருந்து காயில். காயில் அதைப் பெரிய மின்சாரமாக்கும். அங்கிருந்து ஒரு தடித்த வயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்கு. அதன் மேல் கறுப்பு மூடி, உள்ளே சுற்றுகிற ஒரு கை. மூடியிலிருந்து நாலு வயர், நாலு பிளக்குக்கு. முறை வைத்து ஆளுக்கு ஒரு பொறி.

"அப்ப இதுவும் பகிர்ந்து குடுக்கிற பலகதான்" என்றாள். எல்லாவற்றையும் படமாக வரைந்து, பக்கத்தில் எண் போட்டாள். "மழ பேஞ்சா மட்டும் நிக்குதுன்னா தண்ணி எங்கயோ வழி திருடுது. சனிக்கெழம நாமளே மழ பெய்ய வைப்போம்."

ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.

நவம்பர் 16, சனி

முதலிலிருந்து எழுத வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

காலையில் நல்ல வெயில். கார் உடனே கிளம்பியது. அதை ஓட விட்டு, லோகா பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, துணி இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலோடு வந்தாள். "நீங்க எஞ்சின் சத்தத்தக் கேளுங்க. மாறினா கைய தூக்குங்க. வேற ஒன்னும் பண்ணாதீங்க."

முதலில் காயில் மேல் தெளித்தாள். இரண்டு நிமிடம் காத்திருந்தாள். சத்தம் மாறவில்லை. துணியால் துடைத்தாள், நோட்டில் எழுதினாள். பிறகு தடித்த வயர். மாறவில்லை. துடைத்தாள், எழுதினாள். பிறகு முதல் பிளக் வயர், இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றுக்கும் அதே இரண்டு நிமிடம். நான் என்றால் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் குளிப்பாட்டியிருப்பேன்.

நாலாவதையும் எழுதிவிட்டுச் சொன்னாள்: "சுகுமாறன் அண்ணன் போட்ட வயரு எல்லாம் நல்ல வயரு."

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்தக் கறுப்பு மூடி. ஒரே ஒரு தெளிப்பு. எஞ்சின் இருமியது, உடம்பை உதறியது, நின்றுவிட்டது. நான் கையைத் தூக்கவே மறந்துபோனேன்.

"இன்னும் முடியல" என்றாள். "கண்ணால பாக்கணும்."

பழைய கேன்வாஸ் துணியைப் போனட்டின் மேல் போர்த்தி, உள்ளே இருட்டாக்கினாள். தலையை உள்ளே விட்டுக்கொண்டு, என்னைச் சாவி திருப்பச் சொன்னாள். திருப்பினேன். உள்ளிருந்து ஒரு "ஹா!" கேட்டது. வெளியே வந்தபோது முடியெல்லாம் கலைந்து, மூக்கில் கறுப்பு மை. "வாங்க, நீங்க பாருங்க. நான் திருப்புறேன்."

அவள் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். எட்டு வருடத்தில் லோகா அந்த இருக்கையில் உட்கார்ந்தது இன்றுதான். நான் கேன்வாசுக்குள் நுழைந்தேன். எஞ்சின் சுற்றியது. மூடியின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு நீலக்கோடு நெளிந்து நெளிந்து ஓடியது, குட்டி மின்னல் மாதிரி. பிளக்குக்குப் போக வேண்டிய பொறி எல்லாம் அந்த வழியாக இரும்பில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூடியைக் கழற்றி, துடைத்து, மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். மயிரிழை அளவு ஒரு விரிசல். காய்ந்திருந்தால் அது சும்மா கிடக்கும். ஈரம் பட்டால்தான் வழி திறக்கும்.

பிறகு அவள் கேட்டாள்: "இது தானா வெடிச்ச மாதிரி தெரியல. எங்கயாவது கீழ விழுந்துச்சா?"

"இல்லயே" என்றேன். "சுகுமாறன் மாட்டும்போது எதுலயாவது இடிச்சிருப்பான்."

நவம்பர் 17, ஞாயிறு

நேற்று எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. லோகாவிடம் சொன்ன பொய்.

தீபாவளிக்கு முதல் நாள் அந்த மூடியைக் கழற்றியது நான். உள்ளே இருக்கிற பித்தளை முனைகளைப் பளபளப்பாக்கலாம் என்று. போனட்டைத் திறந்து காட்டினால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டுமே! துடைக்கும்போது கைநழுவி சிமெண்டில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. திரும்ப மாட்டிவிட்டேன். அன்றைக்கு இந்த நாட்குறிப்பில் பலகாரம் பற்றி எழுதியிருக்கிறேன், மறுநாள் விருந்தாளிகள் காரைப் புகழ்ந்தது பற்றி எழுதியிருக்கிறேன். இதை எழுதவில்லை. செகிஞ்சானில் நின்றபோது ஞாபகம் வரவில்லையா? வந்தது. வந்ததனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேனோ?

காலையில் பசியாற உட்கார்ந்தபோது லோகாவிடம் சொல்லிவிட்டேன். தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு எதுக்குச் சொல்றீங்க? போயி அண்ணன்கிட்டச் சொல்லுங்க."

மதியம் பட்டறைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைத்திருந்தான், கல்யாணத்துக்கு முன் வேலைகளை முடிக்க. ஒரு வேனுக்கு அடியில் இருந்தான். காலைப் பார்த்தே நான் என்று தெரிந்திருக்கும், வெளியே வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மூடி விழுந்தது, நான் மறைத்தது, அவன் வயரில் ஒரு குறையும் இல்லாதது.

ஸ்பேனர் சத்தம் நிற்கவில்லை. அடியிலிருந்தே சொன்னான்: "எட்டுப் பேரு முன்னால சொன்ன கணேசு. இப்ப என் காலுகிட்ட நின்னு சொல்ற."

நியாயம்தான்.

நவம்பர் 18, திங்கள்

வேலை முடிந்து உடை கூட மாற்றாமல் அதே தேக்கடை. அதே ஆட்கள், இரண்டொருவர் கூடுதல். சுகுமாறன் மூலையில். நான் உட்காரவில்லை.

"போன வாரம் இங்க நின்னு சுகுமாறன் வேலையைக் கொற சொன்னேன். அவன் செஞ்ச வேலையில ஒரு கொறையும் இல்ல. சாமான ஒடச்சது நான்தான். தெரிஞ்சுக்கிட்டே பழிய அவன் மேல போட்டேன். மன்னிச்சுக்க சுகு."

யாரும் சிரிக்கவில்லை. காது இரண்டும் சுட்டது. இதைவிட நாலு கிலோமீட்டர் காரைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னால் போயிருப்பேன்.

சுகுமாறன் எதிரில் இருந்த நாற்காலியைக் காலால் நகர்த்தினான். "ஒக்காருலா. தே ஆறிடும்."

உட்கார்ந்தேன். கோப்பையை என் பக்கம் தள்ளியபடி கேட்டான்: "அந்த வெடிப்பு கண்ணுக்கே தெரியாதே. யாரு கண்டுபுடிச்சா?"

"லோகா."

"யாரு, நம்ம லோகாவா?"

"நம்ம லோகாதான்" என்றேன். பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. தண்ணீர் பாட்டில், இரண்டு நிமிடம், கேன்வாஸ், நீலக்கோடு, நோட்டில் போட்ட எண்கள் எல்லாம் சொன்னேன். கடையில் எல்லாரும் கேட்டார்கள். இவ்வளவு வருடமும் அந்தக் கடையில் நான் காரைப் பற்றித்தான் பெருமை அடித்திருக்கிறேன்.

நவம்பர் 19, செவ்வாய்

சுகுமாறன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு புது மூடி. எப்போதோ வாங்கிப் பட்டறை அலமாரியில் போட்டு வைத்ததாம். என்னிடம் கொடுக்கவில்லை. "தங்கச்சி, நீயே மாட்டு" என்று லோகாவிடம் நீட்டினான்.

அவள் மாட்டினாள். உடனே சந்தோஷப்படவில்லை. பாட்டிலை எடுத்து, ஒவ்வொன்றாக மறுபடி முழுச் சோதனையும் செய்தாள். கடைசியில் தோட்டக் குழாயாலேயே சாரல் அடித்தாள். எஞ்சின் அசையவில்லை.

சுகுமாறன் நோட்டை வாங்கி நின்றபடி படித்தான். பக்கம் பக்கமாகத் திருப்பினான். "என் பட்டறையில ஒரு கார் மூனு வாரமா நிக்குது. திடீர்னு லைட்டு எல்லாம் செத்துப்போவுது, பொறவு தானா வருது. நான் மாத்தாத சாமான் இல்ல. ஒரு தடவ வந்து பாக்குறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டுவிட்டாள்: "எத்தன மணிக்குக் கட தெறப்பீங்க, அண்ணே?"

போகும்போது என்னிடம் மட்டும் சொன்னான்: "ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வந்துடு. அன்பு வேற கார்ல ஏற மாட்டேங்குறா."

நவம்பர் 21, வியாழன்

லோகா இரண்டே நாளில் அந்த விளக்குப் பழுதைப் பிடித்துவிட்டாள். கதவுக்குள் போகிற ஒரு வயர், மடங்குகிற இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருந்ததாம்.

நவம்பர் 24, ஞாயிறு

கல்யாணம் முடிந்து இப்போதுதான் வந்தோம். உடம்பெல்லாம் மல்லிகை வாடை.

காலை ஐந்து மணிக்குக் காரில் பூச்சரம் கட்டினோம். முன்னால் நானும் லோகாவும், பின்னால் அன்பரசியும் அவள் அம்மாவும். வானம் பார்க்கவே பயமாக இருந்தது. பத்தாங் காலி ஊரை நெருங்கும்போது இறங்கியது மழை. துடைப்பான் இரண்டும் சும்மா கையாட்டிக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச தூரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் மரம் விழுந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். பழைய எஞ்சின், நின்ற இடத்திலேயே ஓடினால் சூடேறும். சூடு காட்டும் முள் மேலே போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லை, அணைத்தேன்.

இருபத்தைந்து நிமிடம். கூரை மேல் மழை தட்டுகிற சத்தம். போனட்டின் இடுக்கில் தண்ணீர் இறங்குவது எனக்குக் கண்ணில் படம் போல ஓடியது. அன்பரசியின் அம்மா சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

முன்னால் வண்டிகள் நகரத் தொடங்கின. பின்னால் ஹாரன். என் கை சாவி மேல் இருந்தது, திருப்பவில்லை.

"ஏன் அங்கிள்?" என்றாள் அன்பரசி.

நான் லோகாவைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த தாம்பூலப் பையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"திருப்புங்க. அதெல்லாம் புடிக்கும்."

திருப்பினேன். ஒரே திருப்பு. அந்தச் சத்தம்! அன்பரசி மருதாணிக் கையைத் தட்டிச் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மழைதான் கண்ணாடியை மறைக்கிறது என்று காட்டிக்கொள்ள, உள்பக்கத்தைத் துணியால் துடைத்தேன்.

மண்டப வாசலில் சுகுமாறன் குடையோடு நின்றான். கதவைத் திறந்து மகளை இறக்கியவன், எங்களைப் பார்த்துக் கையைக் குவித்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காரைச் சுற்றிப் படம் எடுத்தார்கள். "யாரு அங்கிள் இத பாத்துக்கிறது?" என்று ஒரு பையன் கேட்டான். வழக்கமாக அந்தக் கேள்விக்கு என்னிடம் அரை மணி நேரப் பதில் உண்டு. பந்தி பக்கம் கையைக் காட்டி, "அந்தப் பச்சப் பட்டுச்சேல" என்றேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

லோகா இனி வாரத்தில் நாலு நாள் பட்டறைக்குப் போகிறாள். மின்சாரப் பழுது எல்லாம் அவளிடம். காலையில் நான் கிளம்பும் முன்பே கிளம்பிவிடுகிறாள். தேநீரை நானே போட்டுக் குடிக்கிறேன், சகிக்கவில்லை.

ஜனவரி 18, சனி

ஆலையில் அரை நாள். லோகாவைக் கூட்டிவரப் பட்டறைக்குப் போனேன். நல்ல மழை. அவள் ஒரு லோரியின் முன்னால் முக்காலி போட்டு ஏறி, கையில் மீட்டரோடு குனிந்திருந்தாள். பக்கத்தில் சுகுமாறன் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, பொறு என்று கை காட்டினாள்.

வாசல் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். செரண்டாவிலிருந்து வந்தாராம். அங்கே மூன்று பட்டறையில் காட்டியும் அவர் காரில் என்ன பழுது என்று தெரியவில்லையாம், யாரோ இங்கே போகச் சொன்னார்களாம். என் சட்டையில் கிரீஸ் கறையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீங்கதானா அண்ணே அந்த வயரிங் பாக்குறவரு?"

"இல்லங்க. நான் அவங்க வீட்டுக்காரரு" என்றேன். "ஒக்காருங்க. ஒவ்வொன்னாத்தான் பாப்பாங்க. ஆனா கண்டுபுடிச்சிடுவாங்க."

தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். நானும் காத்திருந்தேன்.